பழங்குடி மக்களே நடத்தும் ஆய்வுக்கு ஃபெலோஷிப்: விண்ணப்பப் படிவத்திலேயே மாட்டிக்கொண்டோம்

கணக்குப்பிள்ளை எழுதியது:

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆய்வாளர் இல்லை. ஒரு சின்ன அறக்கட்டளையில் கணக்கு வழக்கு பார்க்கிறவன், நல்கைக் கோப்புகளும் என் மேசைக்குத்தான் வரும். பழங்குடி மக்கள் தங்கள் இடத்தில் தாங்களே நடத்தும் ஆய்வுகளுக்கு அடுத்த ஆண்டிலிருந்து ஃபெலோஷிப் கொடுப்பது என்று அறங்காவலர் குழு முடிவு செய்திருக்கிறது. ஆறு பேருக்கு, இரண்டு ஆண்டுகள். நல்ல முடிவுதான், ஆனால் படிவம் தயாரிக்கிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

ஏற்கெனவே ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நாங்கள். சில ஆண்டுகளுக்கு முன் முனைவர் பட்ட மாணவர் ஒருவருக்குப் பணம் கொடுத்தோம். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு காட்டுக் குடியிருப்பில் பதினான்கு மாதம் தங்கி, தொண்ணூறு மணி நேரத்துக்கு மேல் பேச்சைப் பதிவு செய்தார். ஆய்வேடு ஏற்கப்பட்டது, பட்டமும் வந்தது. அப்புறம் அவருடைய பல்கலைக்கழகம் அந்த ஆய்வேட்டை மூன்று ஆண்டுகளுக்கு யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி வைத்துவிட்டது. குடியிருப்புக்குக் கிடைத்தது ஒரே ஒரு பைண்டு செய்த பிரதி, அதுவும் அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில். கோப்பை முடிக்க நான் நேரில் போனபோது காற்றில் அடிக்காமல் இருக்கக் கதவுக்கு அதையே முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். ஒரு பாட்டி அதை எடுத்து வந்து, "நான் சொன்னது எந்தப் பக்கத்தில் இருக்கு, காட்டு" என்றார். புரட்டிப் பார்த்தேன். அவர் பெயர் எங்குமே இல்லை. அவர் 'தகவலாளர் 17' ஆகியிருந்தார். அதை அவருக்கு எப்படி எடுத்துச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் இந்தத் தடவை ஒழுங்காகச் செய்ய நினைக்கிறேன். பட்டப்படிப்பு கேட்கலாமா கூடாதா? பணத்தை ஃபெலோ கையில் கொடுப்பதா, சமூகத்துக்குக் கொடுப்பதா? சேகரிக்கிற தரவு யாருக்குச் சொந்தம்? இரண்டு ஆண்டு முடிவில் எதைக் கேட்டு வாங்குவது? பதினொரு பக்கம் வரைவுப் படிவம் கீழே இணைத்திருக்கிறேன். தயவு தாட்சண்யம் இல்லாமல் கிழிக்கலாம்.

மூங்கில்புதர் எழுதியது:

படிவத்தைப் படித்தேன் ஐயா. நான் மேசைக்கு அந்தப் பக்கத்து ஆள், அதாவது இந்த மாதிரிப் படிவங்களை நிரப்பி நிரப்பிக் கை ஓய்ந்தவள். எங்கள் மக்களில் இருந்தே ஃபெலோஷிப் வாங்கி எங்கள் மக்களிடையே வேலை செய்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் படிவத்தில் பிரச்சினை மூன்றாம் பக்கம்தான். 'ஆய்வுக் கேள்வி, நோக்கம், எதிர்பார்க்கும் முடிவுகள், 300 சொற்களுக்குள்' என்று கேட்டிருக்கிறீர்கள். இதைக் கேட்ட அந்த நிமிடமே மீதிப் பத்துப் பக்கத்தில் 'சமூகமே நடத்தும்' என்று எத்தனை தடவை எழுதினாலும் பயனில்லை. கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி விளக்கடியில் தனியாக உட்கார்ந்து விண்ணப்பதாரர்தான் அந்த 300 சொல்லை எழுதப் போகிறார். பணம் வந்த பிறகுதான் சனங்களுக்கு விஷயமே தெரியும். கேள்வி ஒருத்தருடையது, உழைப்பு மட்டும் எல்லோருடையது.

நான் அப்படித்தான் செய்தேன். 'பாரம்பரிய மூலிகை அறிவை ஆவணப்படுத்தல்' என்று எழுதினேன், கொடுக்கிறவர்களுக்கு மூலிகை என்றால் பிடிக்கும் என்று தெரியும். கிடைத்தும் விட்டது. முதல் கூட்டத்திலேயே பெரியவர்கள் கேட்டார்கள், மூலிகை எங்களுக்குத் தெரியும், உனக்கும் தெரியும், அதை யாருக்குச் சொல்ல எழுதுகிறாய்? எங்களுக்குத் தெரியாதது ஓடைத் தண்ணீர் ஏன் இப்படி ஆனது என்பதுதான், அதைப் பார். மேலே குவாரி வந்த பிறகு தண்ணீர் நிறம் மாறியிருந்தது, பிள்ளைகளுக்கு உடம்பில் தடிப்பு வந்துகொண்டிருந்தது. எல்லோரும் பேசினார்கள், யாரும் எழுதி வைக்கவில்லை. நாலு கூட்டம் நடந்து ஐந்தாவதில் ஓடைதான் என்று முடிவானது. தலைப்பை மாற்றக் கேட்டுப் பணம் கொடுத்தவர்களுக்கு எழுதினேன். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது, ஒப்புக்கொண்ட வரம்புக்குள் இது வராது என்று.

கடைசியில் இரண்டு வேலையும் செய்தேன். அவர்களுக்கு மூலிகை அறிக்கை. எங்களுக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டு. தண்ணீர் எடுக்கிற இடத்தில் பாறையில் உளியால் கோடு போட்டோம். மூன்று பெண்பிள்ளைகள் முறை வைத்துத் தினமும் காலையில் எழுதினார்கள், எந்தக் கோடு வரை தண்ணீர், என்ன நிறம், வாடை உண்டா, முந்தின நாள் மேலே வெடிச் சத்தம் கேட்டதா. ஒரு பிள்ளை நிறத்துக்குப் பெயர் தெரியாமல் நோட்டின் ஓரத்தில் அந்தத் தண்ணீரையே தொட்டு ஒரு கறை வைத்துவிட்டாள், அப்புறம் எல்லோரும் அப்படியே செய்தார்கள். பதினோரு நோட்டு நிரம்பிவிட்டது, இன்றைக்கும் எழுதுகிறார்கள். மூலிகை அறிக்கை எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

ஆகவே என் ஒரே கோரிக்கை, முதல் ஆறு மாதத்தைக் கேள்வியைத் தேடுவதற்கே கொடுங்கள். முழுப் பணத்தோடு, சோதனைக்காலம் என்று பாதியாகக் குறைக்காமல். விண்ணப்பத்தில் கேள்வியைக் கேட்காதீர்கள், யாரோடு உட்கார்ந்து கேள்வியை முடிவு செய்வீர்கள் என்று கேளுங்கள்.

மற்றதைச் சட்டென்று சொல்கிறேன். பட்டம் கேட்காதீர்கள். ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் 1997-லிருந்து தொல்குடி மக்களுக்கென்று ஃபெலோஷிப் ஒன்று நடத்துகிறது, அங்கேயே முறையான படிப்பு இல்லாதது தடையாகக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறார்கள், சொந்தச் சமூகமோ அமைப்போ முன்மொழிந்தால் போதும். அவர்களுக்கே முடிகிறது, ஆறு பேருக்குக் கொடுக்கிற உங்களுக்கு முடியாதா?

பணம் ஃபெலோவுக்கு மட்டும் என்றால் அவள் பாடு திண்டாட்டம். ஒரு பெரியவர் அரை நாள் உட்கார்ந்து பேசினால் அவருக்கு அரை நாள் கூலி போகிறது. மொழிபெயர்க்கிறவர், கூட்டத்துக்கு வர நடந்து வருகிறவர், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர், எல்லாருக்கும் கொடுக்க ஒரு தனித் தொகை வேண்டும். என் உதவித்தொகையிலிருந்து எடுத்துக் கொடுத்துக் கொடுத்துக் கடைசி மூன்று மாதம் நான் கடன் வாங்கினேன். அதிலும் தவணை எப்போதும் தாமதமாகவே வரும்.

இன்னொன்று, இதை வெளியாட்கள் யோசிப்பதே இல்லை. வெளியிலிருந்து வருகிற ஆய்வாளர் இரண்டு வருடத்தில் போய்விடுவார். நான் அங்கேதான் இருப்பேன். நான் எழுதியதில் ஒருவருக்குக் கோபம் வந்தால் என் அம்மாதான் தண்ணீர் எடுக்கிற இடத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் எழுதியதை வெளியிடாமல் வைத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே போடுங்கள். 'அறிக்கை வெளியிடப்பட வேண்டும்' என்கிற எட்டாம் பக்கத்து வரியை அடித்துவிடுங்கள்.

நூலேணி எழுதியது:

மூங்கில்புதர் சொன்னதற்கு மேல் சேர்க்க எனக்கு அதிகமில்லை. தரவு விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், அது என் வேலை.

கணக்குப்பிள்ளை, உங்கள் வரைவில் 'எல்லாத் தரவும் திறந்த களஞ்சியத்தில் இடப்படும்' என்று இருக்கிறது, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் பழங்குடி மக்கள் எதிர்த்துப் பேசுகிற இடமே அதுதான். கனடாவின் முதற்குடி மக்கள் 1998-லேயே ஓகேப் (OCAP) என்று நான்கு கொள்கைகளை வைத்தார்கள்: தரவு தங்களுக்குச் சொந்தம், கட்டுப்பாடு தங்களிடம், பார்க்கும் உரிமை தங்களுக்கு, பொருளாகவே அது தங்கள் கைவசம். அந்த நாலாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உரிமை உங்களுடையது என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஹார்டு டிஸ்கைத் தங்கள் அலமாரியில் வைத்துக்கொள்வார்கள். 2019-ல் உலக அளவில் தொல்குடி மக்களின் தரவுக்கென்று கேர் (CARE) கொள்கைகள் வந்தன. கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம். திறந்த தரவு என்று பேசுகிறவர்கள் தரவை எப்படிப் பகிர்வது என்பதையே பார்க்கிறார்கள், அதற்குப் பின்னால் இருக்கிற மனிதர்களையும் பாருங்கள் என்று சொல்ல வந்தவை இவை.

ஏன் இத்தனை கெடுபிடி என்று உங்கள் குழுவில் யாராவது கேட்டால் ஹவாசுபாய் மக்கள் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் வாழ்கிறவர்கள். நீரிழிவு அவர்களிடையே அதிகம், அதற்கு வழி தேடலாம் என்று 1990-லிருந்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரத்தம் எடுத்தார்கள். அவர்களும் நம்பிக் கொடுத்தார்கள். 2003-ல் அந்தச் சமூகத்துப் பெண் ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்த ரத்தம் வேறு ஆய்வுகளுக்கும் போயிருக்கிறது. மனநோய், உறவுக்குள் மணம், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது வரை. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்று நம்புகிற மக்களிடம் எடுத்த ரத்தம் அது. வழக்குப் போட்டார்கள், 2010-ல் சமரசமானது, 41 பேருக்கு 7 லட்சம் டாலர், மிச்சமிருந்த மாதிரிகளும் திரும்பக் கிடைத்தன.

அமேசான் காட்டில் வாழும் யானோமாமி மக்களின் கதை இன்னும் நீளம். 1960-களில் எடுத்த ரத்தம் அமெரிக்க ஆய்வகங்களில் உறைநிலையில் கிடந்தது. இறந்தவர்களின் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்கிற மக்கள் அவர்கள். 2015-ல் இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் குப்பிகள் பிரேசிலுக்குத் திரும்பி வந்தன, காட்டுக்குள் குழி தோண்டி ஊற்றிப் புதைத்தார்கள். கொடுத்தவர்களில் பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

இந்த இரண்டிலும் பொதுவான விஷயத்தைக் கவனியுங்கள். தனி ஆட்களிடமிருந்து எடுத்திருக்கிறார்கள், பின்னால் அதை என்ன செய்யலாம் என்று அந்தச் சமூகத்திடம் கேட்கவில்லை. ஒருவரின் ஒப்புதல் வேறு, சமூகத்தின் ஒப்புதல் வேறு, இரண்டும் தேவை. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-ல் தாங்களே எழுதிய ஆய்வு நெறிமுறை பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது. மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறைப்படி வருவது. சின்ன ஆவணம், எளிய சொற்கள். அதைப் படித்துவிட்டு உங்கள் படிவத்தை மறுபடி படியுங்கள்.

நடைமுறைக்கு வந்தால்: மூலப் பதிவு சமூகத்திடமே இருக்கட்டும், உங்களுக்கு அவர்கள் தருவது மட்டும் வரட்டும். எல்லாவற்றையும் எல்லோரும் கேட்கக் கூடாது என்பதற்கும் வழி இருக்கிறது. லோக்கல் காண்டெக்ஸ்ட்ஸ் என்ற அமைப்பின் மரபறிவு முத்திரைகள் இருக்கின்றன, இந்தப் பதிவைக் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் கேட்கலாம், இது பெண்களுக்கு மட்டும் என்றெல்லாம் சமூகமே கோப்பின் மேல் குறித்து வைக்கலாம். ஐ.நா.வின் 2007 தொல்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தில் 31-வது பிரிவு இந்த அறிவின் மேல் அவர்களுக்கு இருக்கும் உரிமையைச் சொல்கிறது, உங்கள் வழக்கறிஞர் முகம் சுளித்தால் அதைக் காட்டுங்கள்.

அப்புறம் அந்த 'தகவலாளர் 17'. பெயரை மறைப்பது எப்போதும் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறோம். அந்தப் பாட்டி தன் பெயரைத்தான் தேடியிருக்கிறார். மறைப்பதா போடுவதா என்று அவரவரைக் கேட்க ஒரு வரி போதும்.

எதிர்க்கட்சி எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்கிறீர்கள், அதனால் நான் இந்தப் பக்கம் உட்காருகிறேன்.

'சமூகம்' 'சமூகம்' என்கிறீர்களே, அது யார்? கையெழுத்துப் போடுகிற தலைவரா? அகத்தியமலைப் பழங்குடியான காணிக்காரர்கள் கதையை எடுங்கள். 1987-ல் அகத்தியமலையில் தாவரவியலாளர்களுக்கு வழிகாட்டியாகப் போன காணிக்காரர்கள் களைப்புத் தெரியாமல் நடந்தார்கள், காரணம் அவர்கள் வழியில் தின்ற ஆரோக்கியப்பச்சைக் காய். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. திருவனந்தபுரத்து ஆய்வு நிறுவனம் தனக்கு வந்த உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைக் காணிக்காரர்களுக்குத் தருவதென்று முடிவு செய்தது, 1997-ல் அதற்கு ஒரு அறக்கட்டளையும் பதிவானது. உலகமே பாராட்டியது. ஆனால் காணிக்காரர் குடியிருப்புகள் அந்த மலையில் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. வேறு பக்கத்துக் குடிகள், எங்களிடம் யார் கேட்டது, இது எங்கள் எல்லாருடைய அறிவு அல்லவா என்று கேட்டார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த இடத்திலேயே இந்தச் சிக்கல். உங்கள் ஆறு ஃபெலோக்களும் சமூகத்திலேயே கொஞ்சம் படித்த, கொஞ்சம் வசதியான, போனில் சிக்னல் கிடைக்கிற ஆட்களாகத்தான் வருவார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

இரண்டாவது, தரம். நோட்டில் கறை வைப்பது மனதைத் தொடுகிறது, மறுக்கவில்லை. நாளைக்கு அதை நீதிமன்றத்தில் வைத்தால் குவாரிக்காரன் வக்கீல் என்ன சொல்வான்? பாதிக்கப்பட்டவர்களே எழுதிய கணக்கு, எப்படி நம்புவது என்பான். வெளியாள் ஒருவர் முறைப்படி மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்தால் அந்தப் பேச்சு எழாது.

கடைசிபெஞ்ச் எழுதியது:

எதிர்க்கட்சி சொன்ன இரண்டாவது விஷயத்துக்கு ஒரு திமிங்கிலக் கதை இருக்கிறது, கேளுங்கள்.

வில்தலைத் திமிங்கிலம். அலாஸ்காவின் வடகரையில் இனுபியாட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி உண்பது. 1977-ல் சர்வதேசத் திமிங்கிலவேட்டை ஆணையம் அந்த வேட்டையைத் தடை செய்தது, காரணம் மிச்சமிருப்பது இரண்டாயிரத்துக்குள்தான் என்று விஞ்ஞானிகள் கணக்குச் சொன்னார்கள். எப்படி எண்ணினார்கள்? வசந்த காலத்தில் கடற்பனி பிளந்து ஒரு நீர்ப்பாதை திறக்கும், அதன் விளிம்பில் பனிமேட்டில் ஏறி நின்று கடந்து போகிற திமிங்கிலங்களைக் கண்ணால் பார்த்து எண்ணினார்கள். பாதை மூடிக்கொண்டால் திமிங்கிலம் வராது, அதற்குப் பனியென்றால் பயம் என்பது அவர்கள் அனுமானம்.

வேட்டைக்காரர்கள் சிரித்தார்கள். அது பனிக்கு அடியிலேயே போகும், மெல்லிய பனியைத் தலையால் முட்டி உடைத்து மூச்சு வாங்கிக்கொண்டு போகும், நீங்கள் பார்க்காத தூரத்திலும் போகிறது என்றார்கள். யாரும் காது கொடுக்கவில்லை, நீங்கள் வேட்டையாட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறீர்கள் என்றார்கள். உங்கள் குவாரிக்காரன் வக்கீல் சொல்லப் போவதேதான்.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். அவர்கள் அதே ஆண்டு தங்களுக்கென்று ஒரு திமிங்கிலவேட்டை ஆணையம் அமைத்தார்கள். நார்த் ஸ்லோப் பரோ என்ற அவர்களுடைய உள்ளாட்சிக்கு எண்ணெய் வயல் வரி வந்துகொண்டிருந்தது. அந்தப் பணத்தில் அவர்களே விஞ்ஞானிகளை வேலைக்கு வைத்தார்கள், பனிக்கு அடியில் ஒலிவாங்கிகளை இறக்கினார்கள். பாதை மூடியிருந்தபோதும் திமிங்கிலங்கள் குரல் கொடுத்துக்கொண்டு கடந்து போவது கேட்டது. 2001-ல் எண்ணியபோது பத்தாயிரத்துக்கு மேல், 2011-ல் பதினாறாயிரத்துக்கு மேல். நியாயமாகச் சொல்ல வேண்டும், இடைப்பட்ட காலத்தில் திமிங்கிலங்கள் உண்மையிலேயே பெருகவும் செய்தன, எல்லாமே எண்ணிக்கைப் பிழை இல்லை. ஆனால் பழைய கணக்கு தப்பு, எங்கே தப்பு என்று வேட்டைக்காரர்கள் கைவைத்துக் காட்டிய இடமும் சரி.

இதில் வெளியாள் விஞ்ஞானி இருந்தார், கருவி இருந்தது, புள்ளியியல் இருந்தது. எதிர்க்கட்சி கேட்கிற கறார் எல்லாமே இருந்தது. ஒன்றே ஒன்றுதான் மாறியது, பணம் யார் கையில் இருந்ததோ அவர்களே கேள்வியைக் கேட்டார்கள். எண்ணெய் வரி எல்லோருக்கும் வராது, அதனால்தான் ஃபெலோஷிப்.

மூங்கில்புதர் எழுதியது:

கடைசிபெஞ்சுக்கு நன்றி, இந்தக் கதையை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறேன்.

எதிர்க்கட்சி அண்ணா, நீங்கள் கோபப்படுத்தத்தான் எழுதினீர்கள் என்று தெரிகிறது, ஆனால் முதல் விஷயம் உண்மை. நான் சொன்ன அந்த ஐந்து கூட்டத்தில் முதல் நாலில் பெண்கள் பின்வரிசையில்தான் இருந்தார்கள், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஓடையின் பெயரை முதலில் எடுத்தது பெரியவர்கள்தான், ஆனால் பிள்ளைகளின் தடிப்பு, எந்த நேரத்தில் தண்ணீர் நிறம் மாறுகிறது, வெடி வைத்த மறுநாளா அதற்கடுத்த நாளா, இதெல்லாம் பெண்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசிய பிறகுதான் வெளியே வந்தது. தண்ணீர் எடுக்கிறவர்கள் அவர்கள், அவர்களுக்குத்தானே தெரியும். அதனால் ஒரு கூட்டத்தின் தீர்மானத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சமூகம் சம்மதித்துவிட்டது என்று கோப்பை மூடாதீர்கள். யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை, வராதவர்களிடம் எப்போது போய்ப் பேசுவீர்கள் என்று கேளுங்கள். கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

ஆய்வகச் சோதனையை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே. எந்த நாள் தண்ணீரைப் பிடித்து அனுப்ப வேண்டும் என்று அந்த நோட்டுதான் சொன்னது. மாதம் ஒரு தடவை வருகிற ஆள் தெளிந்த நாளில் பிடித்துக்கொண்டு போவார், அறிக்கையும் தெளிவாகவே வரும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரண்டு நாளாக இதை அச்செடுத்து வைத்துக்கொண்டு படிக்கிறேன். மூன்றாம் பக்கத்தையும் எட்டாம் பக்கத்தையும் கிழித்தாயிற்று, திறந்த களஞ்சியமும் போயிற்று. குழுவில் ஒருவர் மட்டும், கேள்வியே இல்லாமல் எதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கிறார். சமூகத்தில் மூன்று தனித்தனி ஆட்களிடம், வயதிலும் பாலினத்திலும் வேறுபட்டவர்களிடம், விண்ணப்பதாரரைப் பற்றி வாய்மொழியாகவே பேசிப் பதிவு செய்து வாங்கலாம் என்று சொன்னேன். அவர் இன்னும் தலையாட்டவில்லை, யோசிக்கிறார்.

இப்போது என் சொந்தத் தலைவலி. பெரியவர்களுக்குக் கொடுக்கிற கூலி, நடந்து வருகிறவர்களுக்குக் கொடுப்பது, இதற்கெல்லாம் ரசீது எங்கிருந்து வரும்? தணிக்கையாளர் என்னைத்தான் பிடிப்பார்.

பழையவவுச்சர் எழுதியது:

நானும் உங்கள் சாதிதான் சார், கணக்குச் சாதி. இந்தக் கேள்விக்கு மட்டும் வாயைத் திறக்கிறேன்.

தணிக்கையாளர் கேட்பது ரசீதை அல்ல, ஆதாரத்தை. செலவு முறையை முன்கூட்டியே எழுதி அறங்காவலர் குழு தீர்மானமாக நிறைவேற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அரை நாளுக்கு இவ்வளவு, முழு நாளுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை. ஒரு பதிவேடு, தேதி, பெயர், எத்தனை மணி நேரம், கையெழுத்தோ கைநாட்டோ, பக்கத்தில் சாட்சி ஒருவர். பெயர் எழுத விரும்பாதவருக்குப் பதிவேட்டில் எண், அந்த எண்ணுக்கான பெயர் சமூகத்திடமே இருக்கும் இன்னொரு நோட்டில். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், முதல் வருடம் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

முக்கியமான விஷயம், பணத்தை முன்பணமாகக் கொடுங்கள். செலவு செய்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள் என்பது கையில் காசு இருக்கிறவனுக்குச் செய்த ஏற்பாடு. ஆறு மாதத்துக்கு ஒரு தவணை, முந்தின தவணைக் கணக்கு வரும் வரை அடுத்ததை நிறுத்தி வைக்காமல், ஒரு தவணை முன்னாலேயே ஓடட்டும். முடிந்தால் ஃபெலோவின் உதவித்தொகையையும் சமூகத்துக்கான தொகையையும் இரண்டு வேறு கணக்கில் போடுங்கள். ஒரே கணக்கில் வந்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று மூங்கில்புதரைக் கேளுங்கள்.

மூங்கில்புதர் எழுதியது:

பேசினார்கள். இன்னும் பேசுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

படிவம் இப்போது இரண்டு பக்கத்துக்கு வந்துவிட்டது. முதல் கேள்வி, 'உங்களை விண்ணப்பிக்கச் சொன்னது யார், அவர்கள் என்ன சொன்னார்கள்?' எழுத விரும்பாதவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம், எந்த மொழியிலும், மொழிபெயர்ப்புச் செலவு எங்களுடையது. முதல் ஆறு மாதம் கேள்விக்கு, குழு ஒத்துக்கொண்டுவிட்டது. இரண்டு கணக்கு, முன்பணம், பதிவேடு எல்லாம் தீர்மானத்தில் ஏறிவிட்டது.

ஒன்றில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆறு மாதம் கூடிப் பேசிவிட்டு, எங்களுக்கு எந்த ஆய்வும் வேண்டாம் என்று சனங்கள் சொல்லிவிட்டால்? பணம் போனது போனதுதானா என்கிறார் பொருளாளர்.

நூலேணி எழுதியது:

வேண்டாம் என்பதும் ஒரு பதில்தானே. அமெரிக்காவில் நவஹோ பழங்குடி மக்களின் தன்னாட்சி அமைப்பான நவஹோ நேஷன் 2002-ல் தங்கள் எல்லைக்குள் மரபணு ஆய்வே கூடாது என்று நிறுத்தி வைத்தது. அதற்கு அர்த்தம் அவர்களுக்கு ஆய்வே பிடிக்காது என்பதல்ல, தங்களுக்கென்று சொந்தமாக ஆய்வு நெறிக்குழு வைத்து மற்ற ஆய்வுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அனுமதிக்கிறவர்கள் அவர்கள். வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் சரி என்பதற்கும் மதிப்பு. ஆறு மாதப் பணத்தைத் திரும்பக் கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லவே மாட்டார்கள், மூலிகை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

மூங்கில்புதர் எழுதியது:

எழுதிக் கொடுத்தவள் நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பொருளாளரிடம் சொல்லுங்கள் ஐயா, அந்த ஆறு மாதக் கூட்டங்களில் என்ன பேசினார்கள், ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதை அவர்கள் சொல்ல விரும்புகிற அளவுக்கு ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளலாம், அதையே அறிக்கையாக வைத்துக் கோப்பை முடியுங்கள். அந்த இரண்டு பக்கப் படிவத்தை இங்கே போடுங்கள், எங்கள் பிள்ளைகளை விட்டு நிரப்பச் சொல்லிப் பார்க்கிறேன். எங்கே பேனா நிற்கிறதோ அந்த வரியை வந்து சொல்கிறேன்.